சாலை உயர்ந்து வீடு தாழ்ந்தால்: தூக்குவதா, விற்பதா?

சென்னைப் புறநகரில் இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முன் கட்டிய வீடுகளைப் பாருங்கள். அன்று தெருவிலிருந்து மூன்று படி ஏறி வாசலுக்குப் போனார்கள். இன்று இரண்டு படி இறங்க வேண்டியிருக்கிறது. சாலை மட்டம் ஏற ஏற, திறக்க முடியாமல் போன இரும்புக் கேட்டின் அடிப்பகுதியை அறுத்து வைத்திருக்கிறார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த குடும்பங்களில், ஐப்பசி பிறந்தாலே இதுதான் பேச்சு: விற்றுவிட்டுப் போய்விடலாமா, ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்கிவிடலாமா?

பணக்கணக்குக்கு முன்னால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் வீட்டுக்குள் வருவது சாலைத் தண்ணீரா, ஏரித் தண்ணீரா? ஒரு மணி நேர மழைக்கே உள்ளே வந்து, மழை விட்டதும் சில மணி நேரத்தில் வடிந்துவிட்டால், பெரும்பாலும் சாலை மட்டமும் மழைநீர் வடிகாலும்தான் காரணம். அதைச் சரிசெய்ய முடியும். நாள் கணக்கில் தேங்கி, படகு வந்தால்தான் வெளியேற முடியும் என்றால் மனையே தண்ணீரின் இடத்தில் இருக்கிறது. அங்கே வீட்டை நான்கு அடி தூக்கினால் பீரோவும் கட்டிலும் தப்பும். மின்சாரமும் குடிநீரும் இல்லாமல் உள்ளே முதியவர்கள் மாட்டிக்கொள்வது மாறாது. அப்படிப்பட்ட இடத்தில் பணத்தைக் கொட்டாதீர்கள் என்பதே என் உறுதியான கருத்து.

சந்தேகம் இருந்தால் ஆவணங்கள் சொல்லும். தாய்ப்பத்திரத்தில் நான்கு எல்லைகளைப் படியுங்கள். ஏரி, தாங்கல், வாய்க்கால் என்று வருகிறதா பாருங்கள். வருவாய்த் துறையின் இணையதளத்தில் பட்டாவையும் புல வரைபடத்தையும் எடுத்து, பக்கத்துப் புல எண்களையும் அ-பதிவேட்டில் சரிபாருங்கள். நீர்நிலைப் புறம்போக்கு ஒட்டியிருந்தால் அந்தத் தண்ணீர் மறுபடியும் வரும்.

தூக்குவதென்று முடிவெடுத்தால், வேலை எப்படி நடக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். அஸ்திவாரத்தை ஒட்டி மண்ணைத் தோண்டி, சுவரின் அடியைப் பகுதி பகுதியாக அறுத்து, இரும்புச் சட்டங்களைச் செருகி, அவற்றின் கீழ் வரிசையாக ஜாக்கிகளை வைப்பார்கள். எல்லா ஜாக்கிகளையும் ஒரே சீராகத் திருக வேண்டும். ஒரு மூலை முந்தினாலும் சுவர் விரிசல் விடும். வீட்டோடு தரை எழும்பாது. அது மண்மேல் படுத்திருப்பது. ஆகவே உள்ளே மண் நிரப்பி, தரையைப் புதிதாகப் போட வேண்டும். கழிவுநீர்க் குழாய், செப்டிக் டேங்க், குடிநீர்த் தொட்டி இணைப்பு, வாசல்படி எல்லாம் மறுவேலை. ஜாக்கிக்காரர் சதுர அடிக்குச் சொல்லும் தொகையில் இவை அடங்குமா என்று முதலிலேயே கேளுங்கள்.

அதற்கும் முன்னால், அவரோடு எந்தத் தொடர்பும் இல்லாத கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை அழைத்து வந்து வீட்டைக் காட்டுங்கள். கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட் உதிரும் வீட்டையும், பக்கத்து வீட்டோடு பொதுச் சுவர் உள்ள வீட்டையும் அவர் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். உள்ளாட்சி அலுவலகத்தில் அனுமதி வேண்டுமா என்று எழுத்தில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சில் முன்பணம் கொடுக்க வேண்டாம். எத்தனை அடி, எத்தனை நாள், விரிசல் விட்டால் யார் செலவு, தொழிலாளர் காப்பீடு யார் பொறுப்பு என்பதை முத்திரைத்தாளில் எழுதி, வேலை முடிய முடியத் தவணையாகக் கொடுங்கள். பணமாகக் கொடுத்தால் ரசீது கட்டாயம்.

வேலை கெட்டுப்போனால் அது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு. கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்யலாம். தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே கிடையாது. தொடக்க உதவிக்கு 1915 என்ற எண் இருக்கிறது.

அதே வீட்டில் தொடர்ந்து இருப்பவர்கள் பலரும் கவனிக்காத ஒன்று வீட்டுக் காப்பீடு. 'பாரத் கிருக ரக்ஷா' என்ற பொதுவான பாலிசி 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. வெள்ளச் சேதமும் அதில் அடக்கம். கட்டடத்துக்கு எடுத்தாலே, காப்பீட்டுத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை, வீட்டுப் பொருட்களுக்கும் சேர்ந்து வரும்.

இடித்துக் கட்ட நினைப்பவர்களுக்கு: 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம் என்றால் 2024 ஜூலை முதல் சுயசான்று முறையில் உடனடியாகக் கட்டட அனுமதி கிடைக்கிறது. ஆனால் புதுக் கட்டடத்துக்கு இன்றைய விதிகள்தான். பக்க இடம் விடாமல் கட்டிய பழைய வீட்டின் அகலம் புதிதில் கிடைக்காமல் போகலாம்.

விற்றுவிட்டு வேறு வீடு வாங்கும்போது, கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக 9 சதவீதம் போகும். 60 லட்ச ரூபாய் வீட்டுக்கு 5 லட்சத்து 40 ஆயிரம். விற்ற லாபத்துக்கு மூலதன ஆதாய வரி உண்டு. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய சொத்து என்றால், பணவீக்கக் கணக்கோடு 20 சதவீதம், அது இல்லாமல் 12.5 சதவீதம், இரண்டில் எது குறைவோ அதைக் கட்டலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் வேறு வீடு வாங்கினாலோ மூன்று ஆண்டுகளுக்குள் கட்டினாலோ வரிவிலக்கு கிடைக்கும்.

வெள்ளத்தை மறைத்து விற்காதீர்கள். வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தும் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையைச் சொல்வது, 1882 சொத்து மாற்றுச் சட்டப்படி விற்பவரின் கடமை. நீங்கள் வாங்கும்போதும் புதுப் பெயின்ட்டை நம்ப வேண்டாம். மின் மீட்டர் பெட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, மதில் சுவரில் நீர்க்கறை எதுவரை இருக்கிறது என்று பாருங்கள். தெருமுனை மளிகைக் கடைக்காரரிடம் 2015-இல் எங்கே தண்ணீர் நின்றது என்று கேளுங்கள்.

தூக்கியவர்களுக்கும் நிம்மதி நிலைக்க வேண்டுமானால் சாலை இனி ஏறக் கூடாது. பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை போட வேண்டும் என்று 2021-இல் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு உத்தரவிட்டார். அதைக் கேட்டு வாங்குவது நம் உரிமை. உங்கள் தெருவுக்குச் சாலை வேலை வரும்போது நான்கு வீட்டார் சேர்ந்து பொறியாளரிடம் மனு கொடுங்கள், ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். சென்னை மாநகராட்சி எல்லையில் 1913-இல் புகார் பதியுங்கள். சுரண்டாமல் போட்டால், 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மதிப்பீட்டின் நகலையும் அளவீட்டுப் புத்தகத்தின் நகலையும் கேளுங்கள். 30 நாட்களுக்குள் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.