விடுமுறைக் குடில்களும் கிராமத்தின் க்ஷேமமும்: இங்கிலாந்தின் ஏரிநாட்டு அனுபவம்

பயிர்த்தொழில் ஒன்றையே நம்பி ஜீவிக்க இயலாத மலைப்பிரதேசங்களில், குடியானவர்கள் யாதேனும் ஓர் உபதொழிலைக் கைக்கொள்ளுதல் வழக்கம். இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள ஏரிநாட்டு விவசாயிகளிற் பலர், விடுமுறைக்கு வரும் பட்டணவாசிகளுக்குக் குடில்களை வாடகைக்கு விடுகின்றனர். அத்தொழிலின் நடைமுறையை நிலச்சுவான்தார்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் அறிந்துகொள்ளுதல் பிரயோஜனமுடையது.

அந்நாட்டில் உழுது பயிரிடத்தக்க நிலம் சொற்பம். ஸீத்வெயிட் என்னும் சிற்றூரில் வருஷத்துக்குச் சுமார் 140 அங்குலம் மழை பெய்கிறது. ஆகவே செம்மறியாடு வளர்ப்பே குடியானவர்களின் பிரதான தொழில். ஹெர்ட்விக் என்னும் நாட்டினத்து ஆடுகள் வேலியற்ற மலைச்சரிவுகளில் மேய்கின்றன. ஒவ்வொரு மந்தையும் தன் மேய்ச்சல் எல்லையை அறியும். தாயாடே அதைக் குட்டிக்குப் பழக்கி வைக்கிறது. 1951-இல் தேசியப் பூங்காவாகவும் 2017-இல் உலகப் பாரம்பரிய ஸ்தலமாகவும் ஏற்கப்பட்ட அப்பிரதேசத்தின் அழகு, ஏரிகளால் மட்டுமன்றி இம்மந்தைகளாலும் கற்சுவர்களாலும் அமைந்ததாகும்.

குடிலில் தங்குவோர் பெரும்பாலும் ஒரு வாரம் இருந்து, தாமே சமைத்து உண்பர். அவர்கள் பட்டணத்திலிருந்தே சாமான்களை மோட்டாரில் ஏற்றி வந்துவிட்டால், வாடகை ஒருவருக்குக் கிடைக்குமேயன்றி ஊருக்கு லாபமில்லை. ஆதலின், விவேகமுள்ள குடிற்சொந்தக்காரர் விருந்தினர் பார்வைக்காக ஒரு குறிப்பேட்டை மேஜைமேல் வைக்கிறார். அதில் மூன்று விஷயங்கள் அவசியம்.

முதலாவது, கடைகள். ரொட்டி, பால், முட்டை, ஆட்டிறைச்சி ஆகியவை அவ்வூரிலேயே எங்குக் கிடைக்கும், எந்த நேரத்தில் கிடைக்கும் என்று எழுத வேண்டும். கிராஸ்மியர் கிராமத்தில் ஸாரா நெல்ஸன் என்னும் மாது 1854-இல் தொடங்கிய இஞ்சி ரொட்டி வியாபாரம் இன்றும் நடைபெறுகிறது. கோடையில் விருந்தினர் செலவிடும் பணமே, மாரிக்காலத்திலும் கடை திறந்திருந்து ஊராருக்கு உதவுவதற்குத் துணையாகிறது.

இரண்டாவது, பப் எனப்படும் மதுவிடுதிகள். இவை குடிக்குமிடங்கள் மாத்திரமல்ல; உணவு கிடைக்குமிடமும் ஊரார் கூடுமிடமும் இவையே. ஹெஸ்கெட் நியூமார்க்கெட் என்னும் ஊரில் உள்ள பழைய விடுதியை, 2003-இல் மக்களே பங்குத்தொகை சேர்த்துக் கூட்டுறவு முறையில் வாங்கினர். விடுதியில்லாத ஊர் களையிழந்துவிடும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

மூன்றாவது, மலையேறுதலும் உலாவுதலும். இங்கிலாந்திலேயே உயர்ந்த ஸ்காஃபெல் பைக் சிகரம் (978 மீட்டர்) இங்குள்ளது. நடைபாதைகள் பல குடியானவர்களின் நிலங்களினூடே செல்கின்றன. மழையங்கியும் வரைபடமும் கைக்கொள்ளுமாறும், வாயிற்படல்களைக் கண்டவாறே விட்டுச் செல்லுமாறும் விருந்தினருக்கு அறிவித்தல் வேண்டும். 2000-ஆம் வருஷத்துச் சட்டப்படி பொதுமக்கள் உலாவத்தக்க திறந்த வெளிகளில், மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாய்களைக் குட்டையான கயிற்றில் பிடித்துச் செல்லுதல் கட்டாயம். கால்நடைகளின் அருகே எக்காலத்திலும் அவ்வாறே. துரத்தப்படும் சினையாடு கன்று வீசிவிடக்கூடும்.

குடியானவரும் கடைக்காரரும் ஒரே கயிற்றில் கட்டுண்டவர்கள் என்பதை 2001-ஆம் வருஷத்துக் கோமாரி நோய் தெளிவாகக் காட்டிற்று. பிரிட்டனில் நோய் உறுதிசெய்யப்பட்ட 2,026 இடங்களில், ஏரிநாடு அடங்கிய கம்பிரியாவில் மட்டும் 893. நாடெங்கும் அறுபது லக்ஷத்துக்கு மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன. நோய் பரவாதிருக்க நடைபாதைகள் அடைக்கப்பட்டன. உடனே விருந்தினர் வரவு குன்றிற்று. ஆடுமாடு ஒன்றுமில்லாத கடைக்காரரும் விடுதிக்காரரும் நஷ்டமடைந்தனர். தனியாருக்கு நேர்ந்த நஷ்டம் 500 கோடி பவுனுக்கு மேற்பட்டதென்றும், அதில் பெரும்பகுதி பிரயாணிகளை நம்பிய தொழில்களுக்கே என்றும் அரசாங்கத் தணிக்கை இலாகா கணக்கிட்டது. மந்தை அழிந்த குடியானவர்க்கு இழப்பீடு கிட்டிற்று. ஆயினும் தன் மலையறிந்த மந்தையைச் சந்தையில் வாங்க முடியாது.

மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. வீடுகள் மிகுதியும் குடில்களாகிவிட்டால், உள்ளூர் வாலிபர்கள் குடியிருக்க வீடின்றி வெளியேறுவர். பள்ளியில் பிள்ளைகள் குறைவர். ஆகையால் உபதொழில் உபதொழிலாகவே நிற்றல் வேண்டும். மந்தை மலையிலும், குடும்பங்கள் ஊரிலும் நிலைத்திருக்கும் வரையிலேயே விருந்தினர் நாடி வருவர். குடிலின் வருமானமும் அதுவரையிலேயே.