அம்புக்குறியும் கம்ப்யூட்டரும்

மாட்டுங்காவிலுள்ள இரசாயனத் தொழில்நுட்ப நிறுவனம் முன்பு பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் ஒரு துறையாக இருந்தது. அதன் முதல் இந்திய டைரக்டர், சென்னையிற் பிறந்த கே. வெங்கடராமன், 1938 முதல் 1957 வரை அப்பதவி வகித்தார். அதற்கு முன், 1933-இல், லாகூரில் பணியாற்றுகையில் அவர் கண்ட வினை பேக்கர்–வெங்கடராமன் இடமாற்றம் என வழங்குகிறது. பேக்கர் அதனைத் தனியே கண்டவர். காரத்தின் முன்னிலையில் அசைல் தொகுதியொன்று ஆக்சிஜனை விட்டுக் கார்பனுக்குத் தாவுகிறது. கிடைக்கும் டைகீட்டோனை அமிலத்தாற் பக்குவப்படுத்தினால், செடிகளிற் காணப்படும் வெளிர்மஞ்சள் பிளேவோன்கள் உண்டாகின்றன.

அத்தொகுதி ஒரே மூலக்கூற்றுக்குள் தாவுகிறதா, அடுத்த மூலக்கூற்றிலிருந்து வருகிறதா? பாடநூல்கள் முன்னதையே அம்புக்குறியிட்டுக் காட்டுகின்றன. ஆனால் அம்புக்குறி சான்றாகாது. கம்ப்யூட்டரோ, எலெக்ட்ரான்களின் பரவலைக் குவாண்டம் விதிகளின்படி கணித்து, அணுக்கள் நெருங்கும் ஒவ்வொரு நிலைக்கும் உரிய ஆற்றலைத் தருகிறது. வினையின் உச்சநிலை மலைத்தொடரிலுள்ள கணவாய் போன்றது. இரு வழிகளில் எதன் கணவாய் தாழ்ந்ததோ, வினை பெரும்பாலும் அவ்வழியே செல்லும்.

விடையை அப்படியே நம்பலாகாது. அறை வெப்பநிலையில், கணவாயின் உயரம் மோலுக்கு 1.4 கிலோகலோரி பிழைத்தாலே கணிக்கும் வேகம் சுமார் 10 மடங்கு மாறிவிடும். இங்கு வினைபுரிபவை மின்னேற்றமுள்ள அயனிகள். கரைப்பானைக் கணக்கிற் சேர்க்காவிடில் பிழை இதனினும் மிகக்கூடும்.