மரக்காணத்தில் தொடங்கிய சங்கிலி

கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே புதுவைக்குச் செல்வோர் மரக்காணத்தை நெருங்கும்போது, சாலையோரத்து வெண்குவியல்களைக் காணாமல் போக இயலாது. உவர்நீரைப் பாத்திகளில் தேக்கி, கொளுத்தும் வெயிலில் நின்று உப்பு வாரும் ஏழை எளியவரின் உழைப்பு அது. அருகே கழுவெளி. கழிமுகத்தின் வழியே கடலோடு உறவாடும் அந்நீர்நிலையைத் தமிழக அரசு 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது.

இந்த மரக்காணத்தில்தான் 2019 ஜூன் 12 அன்று ஒரு மனிதச் சங்கிலி தொடங்கியது. இங்கிருந்து இராமேசுவரம் வரை, ஏறத்தாழ 600 கிலோமீட்டர் நீண்ட கடற்கரை வழியில், ஊர்தோறும் உழவரும் மீனவரும் பெண்களும் கைகோத்து நின்றனர்.

எதற்காக? மண்ணுக்கடியிலும் கடலுக்கடியிலும் உள்ள எண்ணெயையும் எரிவாயுவையும் தேடி எடுக்க, மத்திய அரசு 2018 அக்டோபரில் தனியார் நிறுவனத்துடனும் பொதுத்துறை நிறுவனத்துடனும் ஒப்பந்தங்கள் செய்திருந்தது. அவற்றுள் ஒன்று மரக்காணம் பகுதியையும் உள்ளடக்கியது. நிலத்தடி நீர் கெடுமோ, மீன்வளம் குன்றுமோ என்று மக்கள் அஞ்சினர். 2020 ஜனவரியில், எண்ணெய் தேடும் பணிக்குப் பொதுமக்கள் கருத்தைக் கேட்கத் தேவையில்லை என்று மத்திய அரசு விதியைத் தளர்த்தியபோது அவ்வச்சம் மிகுந்தது.

மக்களின் குரல் வீண்போகவில்லை. 2020 பிப்ரவரி 20 அன்று, காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டத்தைத் தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றியது. அம்மண்டலத்தில் புதிதாக எண்ணெய், எரிவாயு எடுக்கும் திட்டங்களுக்கு இடமில்லை என்றாயிற்று.

ஆனால், அன்பர்களே, சங்கிலி தொடங்கிய மரக்காணம் அச்சட்டத்தின் எல்லைக்குள் இல்லை! தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில வட்டாரங்களுமே அதில் இடம்பெற்றன. முன்பே இயங்கிவந்த கிணறுகளையும் அச்சட்டம் தொடவில்லை.

காரணத்தை நாம் அறிந்துகொள்ள வேண்டும். நம் அரசியல் சாசனப்படி எண்ணெய் வயல்கள் மத்திய அரசின் அதிகாரத்தில் உள்ளன. வேளாண்மை மாநிலத்தின் அதிகாரத்தில் உள்ளது. ஆகவே மாநில அரசு வேளாண்மை என்னும் வாயிலின் வழியே இச்சட்டத்தைக் கொண்டுவந்தது. உப்போ மத்தியப் பட்டியலில் உள்ளது. நெல் விளையும் வயலுக்குக் கிடைத்த காவல் உப்பு விளையும் பாத்திக்குக் கிடைக்கவில்லை.

எண்ணெயும் எரிவாயுவும் வேண்டாமென்று சொல்ல நமக்குத் தகுதி உண்டா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. நம் வீட்டு அடுப்பும் எரிவாயுவில்தானே எரிகிறது! ஆயினும், தன் வாசலில் துளையிடுமுன் தன்னையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று உப்பளத் தொழிலாளி விரும்புவது குற்றமாகுமா? பாதிக்கப்படும் மக்களைக் கலந்தே முடிவெடுக்க வேண்டும் என்று திருத்தந்தை பிரான்சிஸும் 2015ஆம் ஆண்டு தம் சுற்றுமடலில் வலியுறுத்தினார்.

குடும்பங்களாகிய நாம் செய்யக்கூடியது என்ன? தமிழகத்தில் ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராமசபை கூடுகிறது. அங்கே தீர்மானம் முன்மொழியலாம். நிறைவேறிய தீர்மானத்தின் நகலைக் கேட்டுப் பெறலாம். சட்டமன்றத்தில் மனுக்கள் குழு என்றே ஒன்று இருக்கிறது. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வெளியாகும் வரைவு அறிவிக்கைகளுக்கு ஆட்சேபம் தெரிவிக்கப் பொதுவாக 60 நாட்கள் அவகாசம் உண்டு. ஆங்கிலத்தில் இருக்கிறதே என்று சோர்ந்துவிட வேண்டாம். 2020இல் வந்த சுற்றுச்சூழல் வரைவு ஒன்றைத் தமிழ் உட்பட அரசியல் சாசனத்தின் எட்டாம் அட்டவணை மொழிகள் அனைத்திலும் வெளியிடுமாறு தில்லி உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. ஒரு குடிமகன் வழக்குத் தொடுத்ததால் விளைந்த பயன் அது.

மத்திய அரசைக் கேட்க வேண்டியதை மாநிலத்திடமும், மாநிலத்தைக் கேட்க வேண்டியதை ஊராட்சியிடமும் கேட்டுக் களைத்துப்போகிறோம். எவரிடம் எந்த அதிகாரம் உள்ளது என்று அறிந்து எழுதப்படும் ஒரு பக்க மனு, உரிய கதவைத் தட்டும்.

ஆண்டவர் தம் சீடரை உப்புக்கு ஒப்பிட்டார். களத்து மேட்டில் குவிந்து கிடக்கும்வரை உப்பால் எவருக்கும் பயனில்லை. உணவில் கலந்தால்தான் சுவை. ஞாயிறு திருப்பலியில் கூடும் நாம், அடுத்த கிராமசபையிலும் கூடுவோமா?