உம்றா ஹத்யாக்கள்: ஒரு வியாபாரியின் கணக்கு

2004ஆம் ஆண்டு முதன்முறையாக உம்றா முடித்துத் திரும்பியபோது என் பெட்டிகளில் 24 முஸல்லாக்கள் இருந்தன. ஒன்று 15 ரியால், அதாவது 4 டொலர். (1986 முதல் ஒரு டொலருக்கு 3.75 ரியால் என்றே இருப்பதால் அந்தக் கணக்கு இன்றும் மாறவில்லை.) 24 முஸல்லாவும் சேர்ந்து 12 கிலோவைத் தாண்டியது. விமான நிலையத்தில் மேலதிக நிறைக்குத் தனியாகப் பணம் கட்டினேன். ஊர் வந்து இரண்டு வாரம் கூட ஆகவில்லை, புறக்கோட்டையில் ஒரு மொத்தக் கடையில் அதே முஸல்லாவைக் கண்டேன். அதே பூவேலை, அதே குஞ்சம், பின்பக்கத்தில் அதே சீன லேபல். விலை நான் கொடுத்ததை விடக் குறைவு!

கடையில் ஒரு டசின் சாமான் எடுப்பதென்றாலும் அடக்க விலை, ஏற்றுக்கூலி எல்லாம் பார்க்கிறவன் நான். ஹரம் ஷரீபுக்கு அருகில் போனதும் அத்தனையும் மறந்து போயிற்று. அங்கே விற்கும் முஸல்லா, தஸ்பீஹ், தொப்பி ஆகியவற்றில் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருகிறது. எமது வியாபாரிகள் கொள்வனவுக்குச் செல்லும் அதே ஈவூ நகரச் சந்தையில் இவையும் கிடைக்கின்றன. போதாக்குறைக்கு ஹரத்தைச் சுற்றியுள்ள கடைகளின் வாடகையும் அந்த விலையில் சேர்ந்திருக்கும்.

பணம் போனது ஒரு புறம். எங்கள் கடையில் வாப்பா காலத்திலிருந்து மூட்டை சுமக்கும் நாட்டாமி ஒருவர் இருக்கிறார், இந்துச் சகோதரர். நான் பயணம் சொல்லப் போனபோது, "நல்லபடியா போய்ட்டு வாங்க முதலாளி" என்று கையைப் பிடித்து வழியனுப்பியவர். முஸல்லாக்களை எல்லாம் பங்கிட்டு முடிந்த பிறகுதான் அவருக்கென்று எதுவும் கொண்டுவரவில்லை என்பது விளங்கியது. அவர் கேட்கவில்லை. எனக்குத்தான் பல நாள் அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

2018இல் மீண்டும் போகும் பாக்கியம் கிடைத்தது, அல்ஹம்துலில்லாஹ். இம்முறை புறப்படும் முன்பே பெயர்ப் பட்டியல் எழுதினேன். முதல் பெயர் அந்த நாட்டாமியுடையது. வாங்கும்போது ஒரேயொரு கேள்விதான்: இது இந்த மண்ணில் விளைந்ததா?

அப்படிக் கேட்டால் முதலில் நிற்பது மதீனாவின் பேரீத்தம்பழம். அஜ்வா சற்று உருண்டை, கறுப்பு, தோலில் மெல்லிய கோடுகள் தெரியும். விலை கூடியது. ஸபாவியும் மதீனாப் பழம்தான், அதுவும் கருநிறம், ஆனால் நீளமானது, விலையும் நன்றாகக் குறைவு. ஸபாவியை அஜ்வா என்று சொல்லி விற்பவர்களும் உண்டு, உருவத்தைப் பார்த்து வாங்குங்கள். கடைக்காரர் ஒன்றை எடுத்துச் சாப்பிடச் சொல்வார், கூச்சப்படாமல் சாப்பிட்டுப் பாருங்கள். ஹரத்தின் வாசலை விட்டுச் சற்றுத் தூரம் நடந்து, கிலோக் கணக்கில் நிறுத்துத் தரும் கடையில் வாங்கினால் அழகான பெட்டிக்குக் கொடுக்கும் காசு மிஞ்சும்.

காலையில் ஏழு அஜ்வா சாப்பிடுவது பற்றிய ஹதீஸ் புஹாரியில் வருவது எல்லோருக்கும் தெரிந்தது. அதை வைத்தே நான் பங்கு போட்டேன். ஒரு கிலோவில் சுமார் 100 பழம். ஏழு ஏழாகச் சிறு பைகளில் கட்டினால் 14 பை. 5 கிலோவில் 70 வீடுகளுக்குக் கொடுத்து முடித்தேன். 24 முஸல்லாவின் நிறையில் பாதி கூட இல்லை. பட்டியல் நீளமாக இருந்தால் ஸபாவியே போதும், அதில் குறை ஒன்றுமில்லை.

அடுத்தது மிஸ்வாக். ஓரிரு ரியாலுக்குக் கிடைக்கும், நிறையே இல்லை. காய்ந்து போனால் நார் உடைந்துவிடும் என்பதால் காற்றுப் புகாமல் அடைத்ததாகப் பார்த்து வாங்கி, ஊர் வந்ததும் பிரிஜ்ஜில் வையுங்கள். தாயிப் ரோஜா அத்தர் எமது கைக்கு எட்டாத விலை. ஆனால் அதே தாயிபின் பன்னீர் மலிவு. உம்மாவுக்கு ஒரு சிறு போத்தல் கொண்டு வந்தேன். பெருநாளைக்கு மட்டும் திறக்கிறார்.

ஸம்ஸம் தண்ணீரைப் போத்தல்களில் நிரப்பிப் பெட்டிக்குள் மறைத்துக் கொண்டு வரப் பார்க்காதீர்கள், விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள். சீல் வைத்த 5 லீட்டர்ப் பெட்டியாக வாங்குவதே வழி. அது உங்கள் நிறைக் கணக்கில் சேருமா, சேராதா என்பது விமான நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். டிக்கெட் எடுக்கும்போதே கேட்டு வையுங்கள்.

நாட்டாமி தனக்குக் கிடைத்த ஏழு பழத்தில் ஒன்றைக் கடையிலேயே சாப்பிட்டார். மற்ற ஆறையும் வீட்டுக்கு எடுத்துச் சென்றார். மறுநாள் வந்து, கொட்டையை நட்டால் முளைக்குமா என்று கேட்டார்.