டைனமோ கீழே இறங்கிய வருஷம்

கால்பந்து என்றால் நம்ம பசங்க இங்கிலாந்து, ஸ்பெயின் என்று இரண்டு நாட்டோடு நிறுத்திக் கொள்கிறார்கள். நான் எழுதப் போவது ரஷ்யாவைப் பற்றி. அதுவும் முதல் டிவிஷன் இல்லை, அதற்கு அடுத்த படி. "அதை யாருடா பார்ப்பான்?" என்று ரூமில் கேட்காத ஆள் இல்லை. நான் பார்ப்பேன். முதல் டிவிஷனில் கோப்பைக்காக ஆடுகிறார்கள். இரண்டாவதில் ஒரு கிளப் அடுத்த வருஷம் உயிரோடு இருக்குமா என்பதற்கே ஆடுகிறார்கள்.

இந்த லீக்கின் பெயர் அப்போது எஃப்.என்.எல். 2022-ல் முதல் லீக் என்று மாற்றி விட்டார்கள். நான் எடுத்துக் கொண்டது 2016-17 சீசன். மொத்தம் 20 அணிகள். ஒவ்வொன்றும் மற்ற 19 அணிகளோடு சொந்த ஊரில் ஒன்று, வெளியூரில் ஒன்று, ஆக 38 ஆட்டங்கள். ஜூலையில் ஆரம்பித்து மே மாதம் முடியும். நடுவில் பனிக்காலத்துக்கு மூன்று மாதம் போல லீவு. பழைய முறையில் வசந்தத்தில் தொடங்கி இலையுதிர் காலத்தில் முடிப்பார்கள். மேற்கு ஐரோப்பாவோடு காலண்டர் ஒத்துப் போகட்டும் என்று 2011-12-ல் மாற்றினார்கள். அந்த ஒரு சீசன் மட்டும் ஒரு வருஷத்தையும் தாண்டி ஓடியது!

இனி ஊர்களைப் பார்ப்போம். மேற்குக் கோடியில் காலினின்கிராட், அங்கே பால்டிகா. கிழக்குக் கோடியில் விளாடிவோஸ்டோக், அங்கே லூச். இரண்டுக்கும் இடையே நேர்கோட்டில் போனாலே 7,000 கிலோமீட்டருக்கு மேல். நம் நாட்டின் வடக்கு தெற்கு நீளமே சுமார் 3,200 கிலோமீட்டர்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். கடிகாரத்தில் 8 மணி நேர வித்தியாசம். மாஸ்கோக்காரன் கபரோவ்ஸ்க் போய் சாயங்காலம் 7 மணிக்கு ஆட்டம் ஆடினால், அவன் உடம்புக்கு அது மத்தியானம் 12 மணி. காலை 9 மணிக்கு எழுப்பினால் அவனுக்கு ராத்திரி 2 மணி! அதனால் கபரோவ்ஸ்க், விளாடிவோஸ்டோக் இரண்டையும் ஒரே பயணத்தில் முடித்துக் கொண்டு திரும்புவதே பெரும்பாலும் வழக்கம். விமானச் செலவு சின்ன கிளப்புகளின் முதுகை ஒடித்து விடும். டிக்கெட் விற்று ஈடு கட்ட முடியாது. மாநில நிர்வாகமோ ஏதாவது ஒரு கம்பெனியோ பணம் போட்டால்தான் வண்டி ஓடும்.

மேலே ஏறுவது எப்படி? முதல் இரண்டு இடம் நேரடி பாஸ். மூன்றாவது, நான்காவது வந்தவர்களுக்கு இன்னொரு பேப்பர் உண்டு: மேல் டிவிஷனில் 13-வது, 14-வது வந்த அணிகளோடு இரண்டு ஆட்டம். ஸ்பார்டக்-2, ஜெனிட்-2 போன்ற பெரிய கிளப்புகளின் இரண்டாம் அணிகளும் இந்த லீக்கில் ஆடின. அவர்கள் முதலிடமே வந்தாலும் மேலே போக முடியாது. நல்ல விதிதான், இல்லாவிட்டால் ஒரே முதலாளிக்கு இரண்டு அணி ஆகி விடும்.

அந்த வருஷம் இந்தக் கூட்டத்தில் ஒரு ராஜா வந்து உட்கார்ந்திருந்தார். டைனமோ மாஸ்கோ. 1936-ல் சோவியத் லீக் தொடங்கியதிலிருந்து ஒரு முறைகூட கீழே இறங்காத அணி. 11 முறை சோவியத் சாம்பியன். 1963-ல் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கிய ஒரே கோல்கீப்பர் லெவ் யாஷின், வாழ்நாள் முழுக்க ஆடிய கிளப் இதுதான். வரவுக்கு மீறிச் செலவு செய்ததற்காக 2015-ல் ஐரோப்பியப் போட்டியிலிருந்து ஒரு சீசன் தள்ளி வைக்கப்பட்டது. நட்சத்திர ஆட்டக்காரர்கள் மூட்டை கட்டினார்கள். 2016 மே மாதம் அணி கீழே விழுந்தது. அப்படியே மூழ்கிப் போகவில்லை என்பதுதான் விசேஷம். கிரில் பான்சென்கோ 24 கோல் போட்டு லீக்கிலேயே முதலிடம் பிடித்தார். டைனமோ சாம்பியனாக ஒரே வருஷத்தில் மேலே திரும்பியது.

இரண்டாமிடம் டோஸ்னோ. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பக்கத்தில் இருக்கும் சின்ன ஊர். மூன்றாவது வந்த யெனிசேய் பாவம். சொந்த ஊரான கிராஸ்நோயார்ஸ்கில் அர்சனல் தூலாவை 2-1 என்று ஜெயித்து, தூலாவில் 0-1 என்று தோற்றது. மொத்தம் 2-2. வெளியூரில் போட்ட கோலுக்கு மதிப்பு அதிகம் என்ற அன்றைய விதிப்படி தூலா தப்பித்தது. நான்காவது வந்த ஸ்கா கபரோவ்ஸ்க்கும் ஓரன்பர்க்கும் மோதியதில் கபரோவ்ஸ்கில் 0-0, ஓரன்பர்க்கில் கூடுதல் நேரம் முடிந்தும் 0-0. பெனால்டியில் 5-3 என்று ஸ்கா ஜெயித்தது. மூன்றரை மணி நேர ஆட்டத்தில் ஒரு கோல்கூடப் போடாமல் மேல் டிவிஷனுக்கு! எனக்கு இது கொஞ்சம் அநியாயமாகத்தான் படுகிறது. ஆனால் அத்தனை மணி நேரம் கோல் வாங்காமல் நிற்பதும் லேசுப்பட்ட காரியமா?

கீழே போனவர்களில் மொர்டோவியாவும் ஒன்று. அதன் ஊரான சரன்ஸ்கில் 2018 உலகக் கோப்பைக்காகப் பிரமாண்டமான ஸ்டேடியம் எழும்பிக் கொண்டிருந்தது. அணியோ 2016-ல் ஒரு படி, 2017-ல் இன்னொரு படி என்று மூன்றாம் டிவிஷனுக்கு இறங்கி விட்டது. 2020-ல் அந்தக் கிளப்பே மூடப்பட்டது.

மேலே போனவர்கள் கதி? ஸ்கா மறு வருஷமே கடைசி இடம் பிடித்துத் திரும்பி வந்தது. டோஸ்னோவும் கீழே விழுந்தது, ஆனால் விழும் முன் ஒரு வேலை செய்தது. 2018 மே 9 அன்று வொல்கோகிராடில் நடந்த ரஷ்யக் கோப்பை இறுதி ஆட்டத்தில், எஃப்.என்.எல். அணியான அவன்கார்டு கூர்ஸ்கை 2-1 என்று ஜெயித்துக் கோப்பையைத் தூக்கியது. கோப்பை ஜெயித்த அணி ஐரோப்பியப் போட்டிக்குப் போக வேண்டும். டோஸ்னோவுக்கு அதற்கான லைசென்ஸ் கிடைக்கவில்லை. பணம் போட்டவர்கள் கையை விரித்தார்கள். கோப்பை வாங்கி ஒரு மாதம் ஆனதும், ஜூன் மாதம், கிளப் கலைக்கப்பட்டது.