செல்போன் ஊமையானால் செய்தி சொல்வது எப்படி?



நம் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஜீப்பில் கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்ட வேலைக்குப் போய் வருகிறவர்கள் ஏராளம். மழைக்காலத்தில் அவர்கள் வீடு திரும்பும்வரை குடும்பத்தாருக்கு நிம்மதி இல்லை. போன் கிடைக்கவில்லை என்றால் மனம் பதறுகிறது.

இந்தப் பதற்றத்துக்குக் காரணம் உண்டு. 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறு ராஜமலை அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து தொழிலாளர் லயங்களை மூடியது. 70 பேர் பலியானார்கள், பெரும்பாலோர் தமிழர்கள். மின்சாரமும் இல்லை, செல்போன் தொடர்பும் இல்லை. வெளியுலகுக்குத் தகவல் தெரிந்தது மறுநாள் காலையில்தான்.

செல்போன் கோபுரத்துக்கு மின்சாரம் வேண்டும். பேட்டரி தீர்ந்தால் அதுவும் ஊமைதான். கோபுரம் நின்றாலும், எல்லோரும் ஒரே நேரத்தில் அழைத்தால் இணைப்பு கிடைக்காது. அப்போது கைகொடுப்பது ஹாம் ரேடியோ. இதற்குக் கோபுரம் தேவையில்லை; ஒரு கருவி இன்னொரு கருவியோடு நேராகப் பேசும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் அந்தமானின் தொலைபேசிகள் அறுந்தபோது, ஹாம் ரேடியோ பணிக்காகப் போர்ட் பிளேர் சென்றிருந்த பாரதி பிரசாத் என்ற பெண்மணிதான் காணாமல்போனவர்களைப் பற்றிய விசாரிப்புகளை வெளியே கொண்டுசேர்த்தார்.

ஆனால் கருவி வாங்கினால் மட்டும் போதாது. கையடக்க ரேடியோவின் அலை பெரும்பாலும் நேர்கோட்டில் போகும். குறுக்கே மலை நின்றால் தடைபடும். எந்த மேட்டில் நின்று பேசுவது என்பதை முன்பே பேசிப் பார்த்து அறிய வேண்டும். ஹாம் ரேடியோ இயக்க, மத்திய தொலைத்தொடர்புத் துறையின் தேர்வெழுதி உரிமம் பெற வேண்டும். 12 வயது நிறைந்தவர்கள் எழுதலாம். தொடக்க நிலைத் தேர்வில் மோர்ஸ் குறியீடு கிடையாது. உரிமமின்றி இயக்குவது குற்றம்.

செய்தி சொல்வதற்கும் பயிற்சி வேண்டும். "தோட்டத்தில் மண் சரிந்துவிட்டது, சீக்கிரம் வாங்க" என்றால் எந்தத் தோட்டம் என்று தேடுவதிலேயே நேரம் போய்விடும். எந்த இடம், என்ன நடந்தது, எத்தனை பேர், என்ன உதவி வேண்டும், பாதை திறந்திருக்கிறதா என்ற ஐந்தையும் சொல்ல வேண்டும். கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்லி உறுதிசெய்ய வேண்டும். கண்ணால் கண்டது எது, காதால் கேட்டது எது என்று பிரித்துச் சொல்வதும் அவசியம். ஒரு வதந்தி மீட்புக் குழுவையே திசைதிருப்பிவிடும்.

ஒவ்வொரு மஹல்லாவிலும் இரண்டு மூன்று இளைஞர்களும், கல்லூரியில் படிக்கும் நம் பெண்பிள்ளைகளும் இதைக் கற்க முன்வர வேண்டும். பள்ளிவாசல் ஒலிபெருக்கி மின்சாரம் இல்லாதபோதும் பேட்டரியில் இயங்குகிறதா என்று நிர்வாகிகள் சோதித்து வைப்பது நல்லது.

இன்றே ஒவ்வொரு வீட்டிலும் செய்யக்கூடியது ஒன்று: அவசர உதவி 112, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070 ஆகிய எண்களோடு, வேலைக்குப் போகிறவரின் தோட்டத்துப் பெயரையும் ஜீப் ஓட்டுநரின் எண்ணையும் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். போனில் மட்டும் இருக்கும் எண், போன் அணைந்தால் உதவாது.