ஓடும் மோட்டார், அசையாத வைப்பர்

பழைய பிக்கப், வீட்டுப் பட்டறை – 14

வைப்பர் நின்றுபோனால் பெரும்பாலோர் முதலில் சந்தேகப்படுவது மோட்டாரைத்தான். அமெரிக்காவில் பழைய பிக்கப் வைத்திருப்பவர்கள் உதிரிபாகக் கடையிலிருந்து முதலில் வாங்கிவருவதும் அதைத்தான். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, அரைநாள் பாடுபட்டுப் புது மோட்டாரை மாட்டி, சுவிட்சைத் திருப்பினால் வைப்பர் அப்போதும் அசையாது. கழற்றிப் போட்ட மோட்டாரில் ஒரு குறையும் இருந்திருக்காது. அதற்கு அடுத்த மூட்டில், சில டாலர் விலையுள்ள ஒரு நைலான் புஷ் தேய்ந்து உதிர்ந்திருக்கும்.

சென்ற வாரம் கதவுக் கீலின் புஷ்களை மாற்றினோம். இந்த வாரமும் புஷ்தான். ஆனால் இது பானட்டுக்கும் முன்கண்ணாடிக்கும் நடுவே, கவுல் என்கிற தகட்டுத் தொட்டிக்குள் மறைந்து கிடக்கிறது. இலை, மண், மழைத்தண்ணீர் எல்லாம் வந்து சேரும் இடமும் அதுதான்.

எடுத்துக்காட்டுக்கு 1980 முதல் 1996 வரை வந்த ஃபோர்ட் எஃப்-150 வண்டியை எடுத்துக்கொள்வோம். எஃப் வரிசை 1977 முதல் அமெரிக்காவில் மிக அதிகமாக விற்கும் பிக்கப் என்ற இடத்தில் இருக்கிறது. 1980இல் வந்த கேபினின் அடிப்படைக் கூடு 1996 வரை பெரிதாக மாறவில்லை. அதனால் இந்த வண்டிகள் இன்றும் பண்ணைகளிலும் சிற்றூர்களிலும் ஓடுகின்றன, பழைய வண்டிக் கிடங்குகளிலும் கிடைக்கின்றன. உள்ளே இருக்கும் இயக்கத்தின் அடிப்படை மற்ற பிக்கப்களிலும் இதேதான். மூட்டை மாட்டியிருக்கும் விதம்தான் வேறுபடும்.

மோட்டார் ஒரே திசையில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. வைப்பரோ போவதும் வருவதுமாக இருக்க வேண்டும். தையல் மெஷினில் கால் மிதிப்பலகையை ஆட்டுகிறது, கம்பியும் கிராங்கும் அந்த ஆட்டத்தைச் சக்கரத்தின் சுற்றலாக மாற்றுகின்றன. வைப்பரில் அதே கணக்கு தலைகீழாக நடக்கிறது. மோட்டாரின் தண்டில் ஒரு குட்டை கிராங்க் சுற்றுகிறது. அதன் முனையில் மாட்டிய நீண்ட பட்டை முன்னும் பின்னும் போய்வருகிறது. பட்டையின் மறுமுனை, வைப்பர் கை உட்கார்ந்திருக்கும் பிவட் தண்டின் லீவரை ஆட்டுகிறது. இந்தப் பட்டைகளும் மூட்டுகளும் சேர்ந்ததுதான் லிங்கேஜ்.

கிராங்க் எங்கும் முட்டாமல் முழு வட்டம் சுற்ற வேண்டுமென்றால் நீளங்களில் ஒரு கட்டுப்பாடு உண்டு. நான்கு அங்கங்களில் மிகக் குட்டையானதும் மிக நீளமானதும் சேர்ந்த நீளம், மற்ற இரண்டின் கூட்டுத்தொகையைத் தாண்டக் கூடாது. 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் பொறியாளர் ஃபிரான்ஸ் கிராஸ்ஹோஃப் பெயரால் வழங்கும் விதி இது. வளைந்துபோன ஒரு பட்டையைக் கண்மட்டத்துக்கு நிமிர்த்தி மாட்டினால் வைப்பர் வேறு இடத்தில் போய் நிற்பதற்கும், சில சமயம் கண்ணாடியின் ஓரச் சட்டத்தில் போய் அடிப்பதற்கும் காரணம் இந்த நீளக் கணக்குதான்.

அமெரிக்கப் பாதுகாப்பு விதி எண் 104, வைப்பருக்குக் குறைந்தது இரண்டு வேகம் வேண்டும் என்கிறது. அதிக வேகம் நிமிடத்துக்கு 45 முறைக்குக் குறையக் கூடாது, குறைந்த வேகம் 20க்குக் கீழே போகக் கூடாது. இரண்டுக்கும் இடையே 15 முறையாவது வித்தியாசம் இருக்க வேண்டும். இஞ்சினின் வேகமும் சுமையும் எப்படி இருந்தாலும் இது பொருந்த வேண்டும் என்றும் விதி சேர்த்துச் சொல்கிறது. முந்தைய தலைமுறை வண்டிகளில் வைப்பரை ஓட்டியது இஞ்சின் உறிஞ்சும் காற்றின் வெற்றிடம். மேட்டில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் வெற்றிடம் குறையும், வைப்பர் தளர்ந்து நின்றுவிடும். பார்வை மிகவும் தேவைப்படும் நேரத்தில் கண்ணாடி மூடிக்கொள்ளும். மின்மோட்டார் அந்த ஆபத்தைத் தீர்த்துவைத்தது.

நிமிடத்துக்கு 45 என்றால் ஒரு மணி நேர மழையில் 2,700 முறை. அத்தனை முறையும் ஒவ்வொரு மூட்டும் உராய்கிறது. எஃகு ஊசியின் மேல் நைலான் புஷ் என்பது நல்ல ஏற்பாடு. கிரீஸ் காய்ந்துபோனாலும் கொஞ்ச காலம் தாங்கும். அதைக் கொல்வது துரு. ஈரத்தில் ஊசியின் மேல்பரப்பு துருப்பிடித்துச் சொரசொரப்பானால், அது அரம்போல நைலானை உள்ளிருந்து அராவிவிடும். ஆகவே புஷ்ஷை மட்டும் மாற்றிவிட்டு ஊசியைத் துடைக்காமல் விடுவது பாதி வேலைதான்.

தேய்மானம் சின்னதாக இருக்கும்போதே கண்ணாடியில் தெரிந்துவிடும். பிவட் லீவரின் நீளம் 5 செ.மீ., தண்டிலிருந்து பிளேடின் நுனி 60 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். மூட்டில் 1 மி.மீ. ஆட்டம் இருந்தால் நுனியில் அது 12 மி.மீ. ஆகும். இரண்டு மூன்று மூட்டுகளின் ஆட்டமும் சேர்ந்தால், அதிக வேகத்தில் பிளேடு கண்ணாடியைத் தாண்டிப்போய் ஓரச் சட்டத்தில் டக் டக்கென்று தட்டும். அந்தச் சத்தத்தைக் கேட்ட அன்றே பார்த்துவிட்டால், நடுச்சாலையில் மூட்டு கழலும் நாள் வராது.

குளிர்ப் பிரதேசங்களில் லிங்கேஜ் முறிவது பெரும்பாலும் பனிக்காலக் காலையில். இரவு சுவிட்சை அணைக்காமலே சாவியை எடுத்திருப்பார்கள். காலையில் சாவியைத் திருப்பியதும், உறைந்து ஒட்டியிருக்கும் பிளேடை மோட்டார் இழுக்கத் தொடங்கும். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. பிளேடு கீழே வந்து திரும்பும் இடத்தில் கிராங்கும் பட்டையும் ஏறத்தாழ ஒரே கோட்டில் வந்து நிற்கின்றன. அந்த நிலையில் பிளேடு மிக மெதுவாக நகரும், ஆனால் மோட்டாரின் முறுக்கு பல மடங்கு பெருகிப் பட்டையில் இறங்கும். பனி குவிந்து கெட்டியாகும் இடமும் கண்ணாடியின் அடிப்பக்கம்தான். தடை அங்கே இருந்தால் மோட்டார் திணறி நிற்பதற்கு முன்பே பலவீனமான மூட்டு விட்டுக்கொடுத்துவிடும். பனியைக் கையால் ஒதுக்காமல் வைப்பரைப் போடவே கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

கழற்றுவதற்கு முன் அசைவைப் பின்தொடர வேண்டும். பானட்டைத் திறந்துவைத்து, ஒருவர் சுவிட்சைப் போட, மற்றவர் கேட்கட்டும். மோட்டார் உறுமியும் இரண்டு பிளேடும் அசையவில்லை என்றால், பெரும்பாலும் கிராங்குக்கும் பட்டைக்கும் நடுவிலுள்ள முதல் மூட்டு கழன்றிருக்கும். ஒன்று அசைந்து மற்றது அசையவில்லை என்றால் அந்தப் பக்கத்துப் பட்டையைப் பாருங்கள். அதற்கும் முன்னால், பிவட் தண்டு திரும்பும்போது வைப்பர் கை சும்மா இருக்கிறதா என்று பாருங்கள். தண்டு எஃகு, கையின் அடிப்பகுதியோ மென்மையான வார்ப்பு உலோகம். அதன் பற்கள் மழுங்கிவிட்டால் லிங்கேஜ் முழுக்க நன்றாக இருந்தும் கை நகராது. எந்தச் சத்தமும் இல்லை என்றால் மட்டுமே ஃபியூஸ், சுவிட்ச், எர்த் வயர், மோட்டார் என்று மின்சாரப் பக்கம் திரும்ப வேண்டும்.

குழப்புவது இன்னொரு வகை. எல்லாம் அசைகிறது, ஆனால் ஆமை வேகத்தில். இதையும் மோட்டாரின் தலையில்தான் கட்டுவார்கள். பட்டையைக் கிராங்கிலிருந்து விடுவித்துவிட்டு மோட்டாரைத் தனியாக ஓடவிடுங்கள். இரண்டு வேகத்திலும் சுறுசுறுப்பாகச் சுற்றினால் குற்றவாளி அதுவல்ல. பிறகு மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுப் பிவட்களை ஒவ்வொன்றாகக் கையால் ஆட்டிப் பாருங்கள். கூட்டுக்குள் துருவேறி இறுகிய தண்டு எது என்று கை சொல்லிவிடும். இறுகிய பிவட்டை அப்படியே விட்டுப் புது மோட்டாரை மாட்டினால் அதுவும் சூடேறிச் சாகும். மழையில் பார்வையைக் காக்கும் உறுப்புக்கு இப்படி ஊகத்தில் செலவு செய்வதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கழற்றலாம். பிளேடுகள் ஓய்வு நிலையில் இருக்கும்போதே கண்ணாடியில் அவை படிந்திருக்கும் கோட்டின்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். அடுத்து பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். இதை யாரும் தவிர்க்கக் கூடாது. வைப்பர் மோட்டாருக்குள் பார்க் சுவிட்ச் ஒன்று இருக்கிறது. நீங்கள் டாஷ்போர்டில் அணைத்த பிறகும், பிளேடு ஓய்வு நிலைக்கு வரும்வரை அது மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்கும். நடுவில் சிக்கி நின்ற லிங்கேஜ், நீங்கள் கையை விட்டு விடுவித்த கணமே சட்டென்று சுற்றும். பட்டைகளுக்கு நடுவில் இருக்கும் விரல் நசுங்கிவிடும்.

இந்த எஃப்-150 வண்டிகளில் வைப்பர் கையின் அடியில் நகரும் தாழ் ஒன்று இருக்கிறது. கையைத் தூக்கி, தாழை வெளியே இழுத்தால் கை தண்டிலிருந்து வந்துவிடும். நட் வைத்த வேறு வண்டிகளில் நட்டைக் கழற்றிய பிறகும் கை இறுகி நிற்கலாம். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் பெயின்ட் போகும், கண்ணாடியும் விரியலாம். பேட்டரி முனையை இழுக்கும் சிறிய புல்லரே இதற்குப் போதும். கையைத் தூக்கும்போதெல்லாம் கண்ணாடியின்மேல் மடித்த துண்டு கிடக்கட்டும். ஸ்பிரிங் விசையில் வெறும் இரும்பு கண்ணாடியில் விழுந்தால் வைப்பர் வேலை கண்ணாடி வேலையாகிவிடும்.

கவுலின் மேல் இருக்கும் கிரில்லைத் திருகு கழற்றித் தூக்க வேண்டும். வெயிலில் வெந்த பிளாஸ்டிக் என்றால் குளிர்ந்த காலையில் தொடாதீர்கள், நொறுங்கும். உள்ளே மக்கிய இலைகளை அள்ளி எடுங்கள். ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி, ஓரத் துளைகள் வழியே வடிகிறதா என்று பாருங்கள். அடைத்திருந்தால் தண்ணீர் தேங்கி, பிவட்டைத் துருப்பிடிக்க வைத்து, தகட்டையும் அரித்து, ஒருநாள் கேபினுக்குள் கால் மிதியடியில் வந்து சேரும்.

மூட்டுக்கு வருவோம். ஃபோர்டில் கிராங்க் ஊசியின்மேல் பட்டையைப் பிடித்துவைப்பது ஒரு கிளிப். அதன் பூட்டு நாக்கைத் தூக்கி, ஊசியிலிருந்து விலக்கி இழுத்தால் பட்டை விடுபடும். பழைய செவ்ரோலே சி/கே வண்டிகளில் கிராங்கின் பந்தைக் கவ்வியிருக்கும் பிடியில் இரண்டு நட்கள் இருக்கும், அவற்றைத் தளர்த்தினால் போதும். பல ஜப்பானிய வண்டிகளில் பந்தும் கிண்ணமும் அழுத்தி மாட்டியவை. எதுவானாலும் கிராங்கை மோட்டார் தண்டிலிருந்து கழற்றாதீர்கள். அது நிற்கும் கோணம்தான் பிளேடின் ஓய்வு நிலையைத் தீர்மானிக்கிறது. கழற்றியே ஆக வேண்டும் என்றால் மோட்டாரை ஓய்வு நிலைக்குக் கொண்டுவந்து, கீறி அடையாளம் வைத்த பிறகு கழற்றுங்கள்.

ஊசியை நைஸ் எமரித் தாளால் பளபளப்பாகும்வரை தேய்த்துத் துடையுங்கள். புது நைலான் புஷ்ஷைச் சில நிமிடம் வெந்நீரில் போட்டால் இளகும். பட்டையின் துளையில் வைத்து, பின்னால் ஒரு சாக்கெட்டைத் தாங்கு கொடுத்து, சி கிளாம்ப்பால் மெல்ல இறுக்கினால் உள்ளே உட்காரும். சுத்தியல் வேண்டாம். நைலான் விரியும், பட்டை வளையும், வளைந்தால் நீளக் கணக்கும் போயிற்று. பட்டையின் துளையே நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் புது புஷ் நிற்காது. அப்போது கிடங்கில் வேறு லிங்கேஜ் தேடுவதுதான் வழி. எடுக்கும்போதே எல்லா மூட்டையும் ஆட்டிப் பார்த்து எடுங்கள்.

கேபிள் டை போட்டுக் கட்டுவது, கம்பி சுற்றுவது எல்லாம் மழையில் வீடு வந்து சேரும்வரைக்கும்தான். சுழலும் மூட்டில் கேபிள் டை விரைவில் அறுந்துவிடும். புஷ்ஷை விட்டுவிட்டு நேராக போல்ட் போட்டு இறுக்குபவர்களும் உண்டு. கொஞ்ச நாளில் இரும்பும் இரும்பும் உராய்ந்து துளை பெரிதாகும், பிறகு முழு லிங்கேஜும் வீண். இந்த மாற்றுவழிகளில் எனக்கு உடன்பாடில்லை.

இறுகிய பிவட்டுக்குத் துரு இளக்கும் எண்ணெய் விட்டு, ஒரு ராத்திரி ஊறவிட்டு, கையால் முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கிளிப்பைக் கழற்றித் தண்டை வெளியே எடுக்க முடிகிற அமைப்பானால் எடுத்துத் துடைத்து கிரீஸ் வைப்பது சிறந்தது. வெறும் எண்ணெய் துருவை இளக்கும், நெடுநாள் மசகாக நிற்காது. லித்தியம் கிரீஸோ சிலிகான் கிரீஸோ மூட்டுகளிலும் கொஞ்சம் தடவுங்கள். உங்கள் ஆண்டு மாடலுக்கான படம் வேண்டுமென்றால் ஹேன்ஸ், சில்ட்டன் கையேடுகள் பல அமெரிக்கப் பொது நூலகங்களில் கிடைக்கும்.

மாட்டும்போது வைப்பர் கைகளைக் கடைசிக்கு வையுங்கள். லிங்கேஜை இணைத்து, உங்கள் கையை வெளியே எடுத்து, பேட்டரியை மாட்டி, வெறும் தண்டுகளை ஓடவிட்டு அணையுங்கள். தண்டுகள் தாமாக ஓய்வு நிலைக்கு வந்து நின்ற பிறகு, டேப் கோட்டின்மேல் பிளேடு படியும்படி கைகளை மாட்டுங்கள். கண்ணாடியை நன்றாக நனைத்துவிட்டுத்தான் சோதனை. காய்ந்த கண்ணாடியில் ரப்பர் இழுக்கும் இழுப்பு புது மூட்டுக்கு வீண் சுமை. முதலில் குறைந்த வேகம், பிறகு அதிக வேகம். மேலே ஓரச் சட்டத்துக்கும் கீழே கவுலுக்கும் பிளேடு படாமல் இடைவெளி இருக்கிறதா என்று இரண்டு வேகத்திலும் பார்த்த பிறகு கிரில்லைத் திருகுங்கள்.

அடுத்த வாரம் இதே வண்டியின் இரட்டைப் பெட்ரோல் டேங்க். ஒன்றிலிருந்து எடுத்த பெட்ரோல் மற்றொன்றில் போய் நிரம்பி வழிவது எப்படி என்று பார்ப்போம்.

(தொடரும்)